ஜெலாட்டோ கடையை முதலில் கண்ணால் ருசி பாருங்கள்

கிளிப்பச்சை நிறம், மேலே குத்திவைத்த நாலைந்து முழுப் பிஸ்தா, தொட்டியின் விளிம்பைத் தாண்டி அரை அடிக்கு எழும்பி நிற்கும் மடிப்பு மடிப்பான குவியல். இதைப் பார்த்து மயங்கி நானும் வரிசையில் நின்றிருக்கிறேன். வாயில் வைத்ததும் முதலில் வந்தது பாதாம் எசென்ஸ் வாசனை, அடுத்து வெறும் இனிப்பு, அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. பிஸ்தா எங்கே என்று தேடித் தேடியே கப் காலியாகிவிட்டது, நாக்கு மட்டும் பச்சையாக மிஞ்சியது. பிற்பாடு இந்த விஷயத்தைக் கொஞ்சம் குடைந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் ஏமாந்ததற்கான அத்தனை அடையாளங்களும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும்போதே, காசை நீட்டுவதற்கு முன்னாலேயே, கண்ணெதிரில்தான் இருந்தன என்று. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் போனதுதான் என் தப்பு. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

இது ஐஸ்கிரீம்தானே?

ஜெலாட்டோ என்றால் இத்தாலிய மொழியில் ‘உறைந்தது’ என்றுதான் பொருள். இத்தாலிக்காரர்கள் எல்லா ஐஸ்கிரீமையும் அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் வெளியே அந்தப் பெயர் ஒரு குறிப்பிட்ட பாணிக்கு என்று ஆகிவிட்டது, அந்தப் பாணியை மூன்று விஷயங்களில் பிடித்துவிடலாம்.

ஒன்று காற்று. பால் கலவையை உறையவைத்துக்கொண்டே கடையும்போது உள்ளே காற்று புகும். தொழிற்சாலை ஐஸ்கிரீமில் 1 லிட்டர் கலவையைக் கிட்டத்தட்ட 2 லிட்டர் வரைக்கும் ஊதிப் பெருக்க முடியும். அதாவது நீங்கள் வாங்கும் டப்பாவில் பாதி வெறும் காற்றாகக்கூட இருக்கலாம். ஜெலாட்டோவை மெதுவாகக் கடைவார்கள், அதனால் 20 முதல் 35 சதவீதம் வரைதான் பெருகும். ஒரு சின்ன கப்பைக் கையில் வாங்கும்போது ‘அட, கனமாக இருக்கிறதே’ என்று தோன்றுவது இதனால்தான். இத்தாலியில் வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்களுக்கு இதைக் கிலோ கணக்கில் நிறுத்துத் தருவார்கள். காற்றை நிறுத்து விற்க முடியாது இல்லையா.

இரண்டு கொழுப்பு. ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும், உயர்ந்த ரகமென்றால் 14, 16 என்று போகும். ஜெலாட்டோவில் க்ரீம் குறைவு, பால் அதிகம், கொழுப்பு பெரும்பாலும் 4 முதல் 9 சதவீதத்துக்குள். கொழுப்பு நாக்கின் மேல் ஒரு படலமாகப் படிந்து சுவையை மெதுவாகத்தான் விடும். அது குறைவாக இருந்தால் பிஸ்தா மாதிரியான பருப்போ பழமோ நேராக நாக்கில் வந்து மோதும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. மட்டமான பிஸ்தா விழுதைக் கொழுப்பில் ஒளித்துவைக்க முடியாது. நல்ல ஜெலாட்டோ மிக நன்றாகவும், மோசமான ஜெலாட்டோ படுமோசமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

மூன்றாவது குளிர். ஐஸ்கிரீம் மைனஸ் 18 டிகிரிப் பக்கம் கல்லாக இருக்கும், உருண்டைக் கரண்டியால் சுரண்டி எடுக்க வேண்டும். ஜெலாட்டோவைப் பரிமாறுவது மைனஸ் 12, மைனஸ் 14 டிகிரியில். அப்போது அது களிமண்ணைப் போல வளைந்து கொடுக்கும், தட்டையான கரண்டியால் வழித்து எடுக்கலாம். குளிர் கூடக்கூட நாக்குக்கு இனிப்பு உறைப்பது குறையும். உருகிப்போன ஐஸ்கிரீமைக் குடித்துப் பாருங்கள், ‘இவ்வளவு சர்க்கரையா’ என்று முகம் சுளிப்பீர்கள். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சாப்பிடும் இடத்தில் இது மறுபடி வரும்.

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியவை

முதலில் உயரம். மலை மலையாகக் குவித்து, பழம் செருகி, சாஸ் ஊற்றி அலங்கரித்த கடையைத் தாண்டிப் போங்கள். இது அழகு பிடிக்காத ஆளின் பேச்சு இல்லை, இதற்குக் காரணம் இருக்கிறது. திறந்த ஷோகேஸில் குளிர்காற்று கீழேதான் தங்கும். விளிம்புக்கு மேலே நிற்கிற பகுதி பகல் முழுக்க இளகுவதும் இரவில் மறுபடி இறுகுவதுமாக இருக்கும். ஒவ்வொரு முறை இளகி இறுகும்போதும் உள்ளே இருக்கும் சின்னச் சின்னப் பனிப்படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். அந்த நிலைமையிலும் குவியல் சரியாமல் நிற்கிறது என்றால் அதைத் தாங்கிப் பிடிக்க ஏதோ சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்: அதிகமான கோந்து, தாவர எண்ணெயை இறுக்கிச் செய்த கொழுப்பு, இல்லாவிட்டால் கூடுதல் காற்று. பாலும் சர்க்கரையும் மட்டும் அப்படி நிற்காது.

இதற்கு நேர் எதிர், மூடிபோட்ட எவர்சில்வர் குழிகள். இத்தாலியில் பொட்ஸெட்டி என்பார்கள். கவுண்டரில் வரிசையாக வட்ட மூடிகள் மட்டும்தான் தெரியும், உள்ளே என்ன நிறம் என்றே தெரியாது, பெயர்ப்பலகையைப் படித்துத்தான் கேட்க வேண்டும். வெளிச்சமும் காற்றும் படாது, குளிர் ஏறி இறங்காது. வாடிக்கையாளரைக் கண்ணால் இழுக்க வேண்டிய அவசியம் இல்லாத கடைதான் இப்படி மூடிவைக்கும் என்று நானும் முதலில் நம்பினேன். அதில் பாதி உண்மை. இப்போது ‘மூடி வைத்தால் மதிப்பு’ என்று தெரிந்துகொண்டு பாக்கெட் பொடியில் செய்ததையும் அந்தக் குழியில் போட்டு விற்கிறார்கள். ஆகவே மூடி ஒரு நல்ல சகுனம், அவ்வளவுதான், அதை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

அடுத்தது நிறம், எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இதுதான். வாழைப்பழத்தை உரித்து மசித்துக் கொஞ்ச நேரம் வைத்தால் என்ன நிறமாகும்? வெளிறிப்போய், லேசாகச் சாம்பல் தட்டி இருக்கும். வாழைப்பழ ஜெலாட்டோவும் அப்படித்தான் இருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் அந்த மஞ்சள் தோலிலிருந்து வந்திருக்காது, பாட்டிலிலிருந்து வந்தது. புதினா வெள்ளையாகவோ மிக வெளிறிய பச்சையாகவோ இருக்கும், பற்பசை நிறத்தில் இருக்காது. எலுமிச்சை வெள்ளை, ஏனென்றால் அதன் சாறு மஞ்சள் இல்லை. ஸ்ட்ராபெர்ரி கொஞ்சம் மங்கலான சிவப்பு, உற்றுப் பார்த்தால் விதை தெரியும். பிஸ்தா? வறுத்து அரைத்த பிஸ்தா பாலோடு சேர்ந்தால் பழுப்பும் பச்சையும் கலந்த, பாசி படிந்த கல் மாதிரி ஒரு மந்தமான நிறம்தான் வரும். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு ‘பழசாகிவிட்டதோ’ என்றுகூடத் தோன்றும். அதுதான் வேண்டும்.

வெனிலாவில் மட்டும் ஒரு எச்சரிக்கை. கருப்புப் புள்ளிகளைப் பார்த்தவுடன் அசல் வெனிலா என்று நம்பிவிடாதீர்கள். வாசனையை எல்லாம் வடித்தெடுத்த பிறகு மிஞ்சும் சக்கையைப் பொடித்து, வெறும் புள்ளிக்காகச் சேர்க்கும் வழக்கமும் உண்டு.

பெயர்ப்பலகைகளை எண்ணுங்கள். பன்னிரண்டு, பதினாறு, போனால் இருபது வகை இருந்தால் சரி. ஐம்பது அறுபது வகை வைத்திருக்கும் சின்னக் கடையில் தினமும் அத்தனையும் புதிதாகக் கடைந்து வைக்க ஆளும் நேரமும் எங்கே இருக்கும்? ஒன்று மொத்தமாகச் செய்து பல நாள் வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் ஒரே வெள்ளைக் கலவையில் ஐம்பது பாட்டில் விழுதைக் கலந்திருப்பார்கள். நீலக் கலரில் ஏதோ ஒரு கார்ட்டூன் பெயரில் ஒன்று இருந்தால் மட்டும் கடையை ஒதுக்கிவிட வேண்டாம், குழந்தைகள் கேட்பார்கள் என்று நல்ல கடைக்காரரும் ஒன்று வைத்திருப்பார். பலகை பருவத்துக்கு ஏற்ப மாறுகிறதா என்பதுதான் முக்கியம். பழம் விளையாத காலத்திலும் அதே பழம் அதே சுவையில் கிடைத்தால் அது டப்பாவிலிருந்து வருகிறது.

தொட்டியின் ஓரங்களில் வெள்ளையாகப் பனி பூத்திருக்கிறதா, மேற்பரப்பு காய்ந்து கண்ணாடி மாதிரி மின்னுகிறதா என்றும் பாருங்கள். இரண்டுமே அது நெடுநேரமாக அங்கே கிடக்கிறது என்பதற்கான அடையாளம்.

‘கையால் செய்தது’, ‘ஆர்ட்டிஜியனாலே’ (இத்தாலிய மொழியில் கைவினை முறையில் செய்தது), ‘இங்கேயே தயாரித்தது’ போன்ற பலகைகளை நான் படிப்பதோடு சரி. பொடியைப் பாலில் கரைத்து அங்கேயே மெஷினில் போட்டாலும் அது அங்கே தயாரித்ததுதானே. பின்னால் சமையலறை தெரிகிறதா, அங்கே பால் கேனும் பழக்கூடையும் பருப்பு மூட்டையும் கண்ணில் படுகிறதா, சேர்மானப் பட்டியலைக் கேட்டால் எடுத்து நீட்டுகிறார்களா, இதெல்லாம் பலகையைவிட நம்பகமானவை. பட்டியலில் கரோப் கோந்தோ குவார் கோந்தோ இருந்தால் பதற வேண்டாம். இரண்டுமே விதையிலிருந்து எடுப்பவை, மிகக் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள், தண்ணீர் பிரிந்து பனியாகாமல் கட்டிப்போடும் வேலைக்காரர்கள் அவை. பட்டியலின் தொடக்கத்திலேயே ‘தாவரக் கொழுப்பு’ வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

கடையைத் தேடும்போது

இணையத்தில் தேடினால் எல்லாக் கடைக்கும் நாலரை நட்சத்திரம் இருக்கிறது. ஐஸ் கலந்த இனிப்பைச் சாப்பிட்டுவிட்டுக் கோபப்படுகிறவர்கள் குறைவு, அதனால் நட்சத்திரத்தால் பிரயோஜனம் இல்லை. நான் படங்களைப் பார்ப்பேன். அதுவும் கடைக்காரர் போட்ட படத்தை விட்டுவிட்டு, வாடிக்கையாளர்கள் கடைசி ரெண்டு மூன்று மாதத்தில் எடுத்த படங்களை. கவுண்டர் தெரிகிற ஒரே ஒரு படம் போதும், மேலே சொன்ன உயரம், நிறம், வகைகளின் எண்ணிக்கை மூன்றையும் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். எழுதியிருப்பதைப் படிக்கும்போது ‘சூப்பர்’, ‘செம’ எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, குறிப்பிட்ட ஒரு வகையின் பெயரைச் சொல்லி அதில் என்ன பிடித்தது என்று எழுதியவர்களைத் தேடுங்கள். ‘ஹேசல்நட் வறுத்த வாசனை அடித்தது’ என்று ஒருவர் எழுதியிருந்தால் அது நூறு நட்சத்திரத்துக்குச் சமம்.

சுற்றுலாப் பயணிகள் கூடுகிற சதுக்கத்தில், சரியாகப் புகைப்படம் எடுக்கும் இடத்தின் எதிரில் இருக்கும் கடைக்கு உங்களை மறுபடி வரவைக்க வேண்டிய அவசியமே இல்லை, நாளைக்கு வேறு ஆள் வருவார். அதே தெருவில் இரண்டு திருப்பம் தள்ளி, பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளும் அலுவலகம் முடித்து வருகிறவர்களும் நிற்கும் கடைக்கு அந்த வசதி இல்லை. நல்ல காபி போடுகிற கடையில் ‘நீங்கள் எங்கே போய் ஜெலாட்டோ சாப்பிடுவீர்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு இதுவரை கிடைத்த மிகச் சரியான பதில்கள் அங்கிருந்துதான் வந்தன. பாலையும் பருப்பையும் நாள்தோறும் கையாளுகிறவர்களுக்கு யார் எதை வாங்குகிறார்கள் என்று தெரியும்.

கூட்டம் இருக்கும் கடை என்றால் சரக்கு தேங்காது. என்னைக் கேட்டால் புகழைவிட, விருதைவிட, இதுதான் பெரிய விஷயம். கலவையைக் காய்ச்சிக் கிருமி நீக்கி, 4 டிகிரிக்குக் குளிரவைத்துச் சில மணிநேரம் ஊறவிட்டு, அப்புறம்தான் கடைவார்கள். கடைந்து எடுத்த அன்று இருக்கும் மென்மை அதற்கடுத்த நாளே கொஞ்சம் குறையத் தொடங்கிவிடும். எனவே ‘இன்றைக்குக் கடைந்தது எது?’ என்று கவுண்டரில் தயங்காமல் கேளுங்கள். சொந்தமாகச் செய்கிற கடையில் பட்டென்று பதில் வரும், சில சமயம் எத்தனை மணிக்கு என்றுகூடச் சொல்வார்கள். ‘எல்லாமே ஃப்ரெஷ்தான்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அவருக்கே தெரியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கடையிலும் ஒரே வகையைக் கேளுங்கள்

கடைகளை ஒப்பிட வேண்டுமானால் ஒரு கடையில் சாக்லேட், இன்னொரு கடையில் மாம்பழம் என்று சாப்பிட்டால் எப்படி? ஒரே அளவுகோல் வேண்டும். என் அளவுகோல் ஃபியோர் தி லாத்தே. ‘பாலின் பூ’ என்று அர்த்தம். பால், க்ரீம், சர்க்கரை மட்டும்தான். முட்டை கிடையாது, வெனிலாகூடக் கிடையாது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் ஆளாக இருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். நல்ல கடையில் இது காய்ச்சிய புதுப் பாலின் மணத்தோடு, விழுங்கின பிறகும் ஒரு லேசான பால் இனிப்பை விட்டுவிட்டுப் போகும். சுமாரான கடையில் பால்பவுடர் வாசனையோ வெறும் சர்க்கரையோதான் மிஞ்சும். கடையில் உள்ள பால் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வெள்ளைக் கலவைதான் அடித்தளம். அது சரியில்லாவிட்டால் மேலே எதைக் கலந்தும் பயன் இல்லை.

இரண்டாவது, ஒரு பருப்பு வகை. பிஸ்தாவோ ஹேசல்நட்டோ. இத்தாலியின் வடமேற்கில் பியட்மான்ட் பகுதி ஹேசல்நட்டுக்குப் பெயர்போனது, அதையும் சாக்லேட்டையும் சேர்த்த ஜான்டூயாவும் அங்கிருந்து வந்ததே. பிஸ்தாவுக்கு சிசிலித் தீவில் எட்னா எரிமலைச் சரிவில் இருக்கும் ப்ரோன்ட்டே என்ற ஊர். அங்கே எரிமலைப் பாறைகளுக்கு நடுவே வளரும் மரங்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் அறுவடை, ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயரும் அதற்கு உண்டு. இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நல்ல பிஸ்தா விழுது விலை அதிகம். பிஸ்தாவுக்கு மட்டும் தனி விலை போட்டிருக்கும் கடையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், எல்லா வகைக்கும் ஒரே விலையில் பளபளப்பான பிஸ்தா கொடுக்கும் கடையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது எலுமிச்சை சொர்பெட்டோ. சொர்பெட்டோவில் பால் சேராது, பழமும் தண்ணீரும் சர்க்கரையும்தான். பால் கொழுப்பின் துணையே இல்லாமல் வழவழப்பைக் கொண்டுவருவது செய்கிறவரின் கைத்திறன். சுரண்டிய ஐஸ் மாதிரி இருந்தால் தேறவில்லை.

இந்த மூன்றும் தேறினால் அந்தக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு எதை வேண்டுமானாலும் வாங்கலாம்.

வாயில் வைத்ததும் என்ன தெரிகிறது?

நறநறவென்று பனி கடிபட்டால், குளிர் ஏறி இறங்கியிருக்கிறது. படிகங்கள் சுமார் 50 மைக்ரானை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் நாக்கு கண்டுபிடித்துவிடும். நாக்கு அவ்வளவு நுட்பமான கருவி. பனி இல்லாமல், மாவு மணலாக நெருடி, கரைய மறுத்தால் அது வேறு கோளாறு. பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரை படிகமாகியிருக்கிறது, பால்பவுடரை அள்ளிப் போட்டால் இப்படி ஆகும். இரண்டையும் பிரித்தறிய வழி சுலபம், வாயில் வைத்துக்கொண்டே இருங்கள். பனி கரைந்துவிடும், மணல் இருந்துகொண்டே இருக்கும்.

சாப்பிட்டு முடித்த பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல வழவழவென்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது பால் கொழுப்பு இல்லை. பால் கொழுப்பு உடல் சூட்டிலேயே உருகிவிடும். இறுக்கிய தாவரக் கொழுப்பு சில சமயம் அந்தச் சூட்டுக்கு முழுசாக உருகுவதில்லை.

பத்து நிமிஷம் ஆகியும் கப்பில் வைத்த உருவம் கலையாமல் நின்றால், சந்தோஷப்படாதீர்கள். நல்லது என்றால் ஓரத்திலிருந்து மெதுவாக, க்ரீமாக இளகி வரும். பஞ்சு போலப் பொங்கி நிற்பதும், தண்ணீர் தனியே பிரிந்து வருவதும் இரண்டுமே சரியில்லை. ஸ்பூனால் இழுத்தால் ஜவ்வு மாதிரி வந்தால் கோந்து கை மீறிவிட்டது.

இனிப்பு தூக்கலாக இருப்பதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சர்க்கரை இங்கே இனிப்புக்கு மட்டும் இல்லை, முழுசாக உறைந்து கல்லாகிவிடாமல் தடுப்பதும் அதுதான். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் செங்கல்தான் கிடைக்கும். விவரம் தெரிந்தவர்கள் சாதாரணச் சர்க்கரையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு டெக்ஸ்ட்ரோஸ் என்ற இன்னொரு வகைச் சர்க்கரையைச் சேர்ப்பார்கள். அதற்கு இனிப்பு குறைவு, உறையவிடாமல் தடுக்கும் சக்தி அதிகம். ‘நல்லா மென்மையா இருக்கு, ஆனா திகட்டவே இல்லை’ என்று தோன்றினால் அந்தக் கணக்கை யாரோ ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இனி சாப்பிடலாம்

சின்ன ஸ்பூனில் மாதிரி கேட்பது உரிமைதான், ஆனால் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது ஏழாவது மாதிரி கேட்காதீர்கள். இரண்டு, மிஞ்சினால் மூன்று. கேட்பதென்றால் புதுசாக இருப்பதைக் கேளுங்கள், சாக்லேட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கப்பா கோனா? கடையைப் பரிசோதிக்கிற நாளில் கப், மற்ற நாளெல்லாம் கோன், இதுதான் என் கொள்கை. கோனில் வறுத்த மாவு வாசனை கலந்துவிடும், சுவை எது கோன் எது என்று பிரிக்க முடியாது. ஆனால் கடைசிக் கடியில், நுனியில் தேங்கின ஜெலாட்டோவோடு மொறுமொறுப்பும் சேர்ந்து வருமே, அதைக் கப்பால் கொடுக்க முடியாது. கோனில் ஒன்றை நினைவில் வையுங்கள்: முதலில் வைப்பது அடியில் போகும். கடைசியாக எந்தச் சுவையோடு முடிக்க விரும்புகிறீர்களோ அதை முதலில் சொல்லுங்கள். பெரும்பாலும் நேர்மாறாகச் சொல்லிவிட்டு, எலுமிச்சையின் புளிப்பு மேலே ஏறிய நாக்கோடு அடியில் இருக்கும் ஃபியோர் தி லாத்தேவுக்குப் போய் ‘ஒண்ணுமே தெரியலையே’ என்பார்கள்.

ஒரு கப்பில் இரண்டு போதும், மூன்று வைத்தால் மூன்றாவது வெறும் குழம்பல். சேர்ப்பதற்குச் சட்டம் எதுவும் இல்லை, ஆனாலும் பழத்தோடு பழம், பாலோடு பருப்பு என்று போனால் தப்பு வராது. டார்க் சாக்லேட்டும் ஆரஞ்சும் விதிவிலக்கு. பிஸ்தாவோடு ஸ்ட்ராபெர்ரியும் நன்றாக இருக்கும், முயன்று பாருங்கள். பிஸ்தாவையும் ஹேசல்நட்டையும் ஒன்றாக வாங்குவது மட்டும் வீண், ரெண்டும் ஒன்றையொன்று அமுக்கிவிடும்.

கையில் வாங்கியதும் உடனே பாயாதீர்கள். ஒரு நிமிஷம், வெயிலாக இருந்தால் அரை நிமிஷம். குளிர் இறங்கினால்தான் இனிப்பும் மணமும் எழும் என்று முன்பே சொன்னேன் அல்லவா. நல்ல கடையில் தட்டைக் கரண்டியால் இரண்டு மூன்று முறை தொட்டிச் சுவரில் அழுத்திப் பிசைந்துவிட்டுத்தான் எடுத்து வைப்பார்கள். அது அலங்காரத்துக்கு இல்லை, மேலே இறுகியதையும் உள்ளே மென்மையாக இருப்பதையும் ஒன்றாக்குவதற்காக. ஸ்பூனில் கொஞ்சமாக எடுத்து, கடிக்காமல், நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். அவசரத்தில் பெரிய கவளமாக விழுங்கி நெற்றிப்பொட்டு தெறிக்கிற வலி வந்தால், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்துச் சூடாக்குங்கள், சீக்கிரம் போய்விடும்.

இரண்டு வகை இருந்தால் மென்மையானதில் தொடங்கி அழுத்தமானதுக்குப் போங்கள். நடுவில் தண்ணீர் குடிக்கலாம், ஐஸ் தண்ணீர் வேண்டாம், நாக்கு ஏற்கெனவே மரத்துப்போயிருக்கும்.

ஸ்ட்ராச்சியாதெல்லா வாங்கினால் சாக்லேட்டைப் பாருங்கள். 1961ல் இத்தாலியின் பெர்கமோ நகரில் உணவகம் நடத்திய என்ரிகோ பனத்தோனி உருவாக்கியது இது. கடைந்து முடியும் தறுவாயில் உருக்கிய சாக்லேட்டை மெல்லிய தாரையாக ஊற்றுவார்கள், குளிர் பட்டதும் அது உறைந்து, சுழலும் கத்தியில் உடைந்து, ஒழுங்கில்லாத மெல்லிய தகடுகளாகிவிடும். எல்லாத் துண்டும் ஒரே அளவில் சதுரமாக இருந்தால் அது கடையில் வாங்கிக் கொட்டிய சிப்ஸ். தகடு வாயில் உடனே கரையும், சிப்ஸ் மெழுகு மாதிரி கிடக்கும்.

காபி ஊற்றிச் சாப்பிடும் ஜெலாட்டோவான அஃபொகாட்டோ பற்றி ஒரே வரி: எஸ்பிரெசோ சூடாக, புதிதாக இருக்க வேண்டும், அதை ஜெலாட்டோவின் மேல் நீங்களே ஊற்ற வேண்டும், யாரிடமும் பேசிக்கொண்டிருக்காமல் உடனே சாப்பிட வேண்டும்.

வீட்டுக்கு எடுத்துப் போனால்

முடிந்தவரை அங்கேயே சாப்பிடுங்கள். எடுத்துப் போவதென்றால் அரை மணிக்குள், தெர்மாக்கோல் பெட்டியில். வழியில் இளகி, வீட்டு ஃப்ரீசரில் மறுபடி மெதுவாக உறைந்தால் அத்தனை மென்மையும் பனியாகிப் போகும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும், ஜெலாட்டோவுக்கு அது அதிகக் குளிர். பரிமாறுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் முன்னால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மேற்பரப்பில் பட்டர் பேப்பரை ஒட்டினாற்போல வைத்து மூடினால் பனி பூக்காது, மீன் வாசனையும் ஏறாது. மூன்று நாலு நாளில் தீர்த்துவிடுங்கள். மைக்ரோவேவ் பக்கம் போகவே வேண்டாம்.

பருப்பு ஒவ்வாமை உள்ளவர்கள் கவனம்: ஒரே கரண்டியைக் கழுவாமல் எல்லாத் தொட்டியிலும் போடும் கடைகள் உண்டு, சொர்பெட்டோவில்கூடப் பிஸ்தா ஒட்டியிருக்கலாம். சொன்னால் புதுக் கரண்டி எடுப்பார்கள், கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். க்ரெமா, ஜபயோனே போன்ற கஸ்டர்ட் வகைகளில் முட்டை மஞ்சள் கரு உண்டு. சில கலவைகளில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும், சைவர்கள் அதையும் விசாரிப்பது நல்லது. கோனில் பெரும்பாலும் கோதுமை இருக்கும்.

முதல் பத்தியில் சொன்ன கிளிப்பச்சைக்குப் பல மாதம் கழித்து, ஒரு சின்னக் கடைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனேன். பதினான்கு மூடிகள், அதில் பிஸ்தா என்று எழுதிய இடத்தில் மட்டும் ஒரு துண்டுச் சீட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ‘தீர்ந்துபோச்சுங்க, காலையில கடைஞ்சது அவ்வளவுதான். நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க’ என்றார் கடைக்காரர். அன்றைக்கு ஃபியோர் தி லாத்தே மட்டும் வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் பத்தே முக்காலுக்கே போய் வாசலில் நின்றேன். மூடியைத் திறந்ததும் தெரிந்தது அதே பாசிக்கல் நிறம். இரண்டு கப் வாங்கினேன், கூட யாரும் வரவில்லை.